மேல்வீட்டுத் தண்ணீர்

விடிந்ததும் அந்த அடுக்ககத்தில் எண்கள் இறங்கத் தொடங்கும். பன்னிரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் எட்டிப் பார்த்து, "முக்காலுங்கோ!" என்று கூப்பிடும். பதினொன்றாம் மாடி "வந்துச்சுங்க!" என்று பதில் சொல்லிவிட்டுத் தன் செடிகளுக்கு நீர் ஊற்றும். அது ஊற்றி முடித்ததும் பத்தாம் மாடிக்கு "ஒன்னுங்கோ!" என்று சொல்லும். இப்படியே குரல்கள் ஒவ்வொரு மாடியாக இறங்கித் தரைக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்த வாரம் அவர்களும் கத்துவார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்து மண் உப்பேறிச் செத்துப்போன பிறகு வந்த வாழ்க்கை இது. மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்த்தூள். அதைக் கோகோபீட் என்றுதான் இன்னமும் பலர் சொல்கிறார்கள். பால்கனிக்கு ஒரு நீண்ட நார்ப்படுக்கை, அதில் தக்காளியும் கத்தரியும். நார்த்தூள் நல்ல பிள்ளைதான், ஊற்றிய தண்ணீரைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் செடிக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒரு பிடிச் சோறு கிடையாது. அதனால் ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் ஊட்டத்தைக் கரைத்தே ஊற்ற வேண்டும். காயவும் விடக் கூடாது. ஊற்றியதில் ஒரு பங்கு அடியில் வழிந்து வெளியே போகவும் வேண்டும். போகாவிட்டால் பழைய உப்பு நாரிலேயே தங்கி வேரைச் சுட்டுவிடும்.

அந்த வழிந்த நீருக்கு வடிநீர் என்று பெயர். தண்ணீர் தங்கமான காலத்தில் அதை யார் சாக்கடையில் விடுவார்கள்? மேல்வீட்டு வடிநீர் கீழ்வீட்டுக்கு. அதில் மிச்சமிருக்கும் உப்பு எவ்வளவு என்பதை மேல்வீட்டுக்காரர் உப்புமானியால் அளந்து கூவிச் சொல்வார். அதைக் கேட்டு, கீழ்வீட்டுக்காரர் தன் பங்கு நல்ல தண்ணீரையும் சேர்த்து, குறைகிற ஊட்டத்தை மட்டும் கலந்துகொள்வார்.

இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அனுப்புகிறவர் அளக்கலாம், வாங்குகிறவர் அளக்கக் கூடாது. உப்புமானி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் மேல்வீட்டுத் தண்ணீரில் அதை நனைப்பது, விருந்துக்குப் போன இடத்தில் இலையில் விழுந்த சோற்றை எடுத்து முகர்ந்து பார்ப்பது மாதிரி. ஐந்தாம் மாடியில் ஒருவர் அப்படி அளந்துவிட்டதால் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோனது என்று சொல்வார்கள்.

பத்தாம் மாடியில் பிரணவ் இருந்தார். பெயரைக் கேட்டதுமே வயது தெரிந்துவிடும். அவர் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு பிரணவ் இருந்தார்களாம். மின்தூக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் தனியாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு தக்காளி வேண்டும்? பாதிப் படுக்கையில்தான் செடி வைத்திருந்தார். மாதாமாதம் தோட்ட அலுவலகம் கொடுக்கிற ஊட்டப் பொட்டலங்கள் அவர் அலமாரியில் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போயின.

ஒன்பதாம் மாடிக்குத் தவணைக் குடியாக வந்தவள் பூவாத்தாள். அந்தப் பழைய பெயர்கள் இப்போது மறுபடி நாகரிகமாகிவிட்டன. கணவன் கந்தவேள் கடல்நீரைக் குடிநீராக்கும் கப்பலில் வேலை பார்த்தான், நாலு மாதத்துக்கு ஒருமுறை கரைக்கு வருவான். கல்யாணமாகி மூன்று வருடமாக அவள் பெண்கள் சேர்ந்து தங்கும் பொதுக் கூடத்திலும் அவன் கப்பலிலுமாகக் குடித்தனம் நடந்தது. கரையில் இருவரும் சேர்ந்து இருக்க ஒரு கதவு கிடையாது. தவணை வீட்டில் ஒரு பருவம் குறித்த எடைக்குக் காய் எடுத்துக் காட்டினால் வீடு நிரந்தரமாகிவிடும். காட்டாவிட்டால் மறுபடி கூடம்தான்.

முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் "வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பூவாத்தாள் போக மாட்டாள்.

"ஒன்னே கால், அம்மிணி!" என்பார் பிரணவ்.

"வந்துச்சுங்ணா! காப்பி குடிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்ல. உன்ற வீட்டுக்காரர் பேசினாரா?"

"நேத்து பேசினாருங்க. வீடு கிடைச்சா கட்டில எந்தப் பக்கமாப் போடறதுன்னு இப்பவே சண்டைங்க. சன்னலோரமா வேணுமாமா. கடல்ல பாத்த காத்து பத்தாதாமா."

பிரணவ் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு முழுவதும் அவருக்குத் துணையாக இருக்கும். மனிதர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "தவணை வீட்டுக்கு ஊட்டம் பாதிதாங்ணா தர்றாங்க."

"பாதியா? எடை மட்டும் முழுசாக் கேக்கறாங்க?"

"அதென்னமோங்க. பாத்துக்கலாங்க, சமாளிச்சுக்கலாம்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பிரணவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அலமாரியைத் திறந்து பொட்டலங்களைப் பார்த்தார். நேராகப் போய்க் கொடுக்கலாம். ஆனால் தவணைக் குடி பிறர் ஊட்டத்தை வாங்கினால் தவணை ரத்து. அதோடு, அவள் கூசிப்போவாள், மறுநாள் காலை பேச்சிலிருந்து அந்தச் சிரிப்பு போய்விடும் என்றும் அவருக்குப் பட்டது.

மறுநாள் வடிநீரை அளந்தார். "ஒன்னே கால், அம்மிணி!" என்றார். அதன்பிறகு வடிதொட்டியில் ஒரு கரண்டி ஊட்டத்தைப் போட்டுக் கலக்கிக் குழாயைத் திறந்துவிட்டார். அளந்தபோது ஒன்றே கால்தானே இருந்தது, நான் பொய் சொல்லவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். யாருக்கோ ரகசியமாக நல்லது செய்கிற ஆளுக்குரிய மிதப்பு அன்று அவர் நடையிலேயே தெரிந்தது.

முதலில் செடிகள் கருகருவென்று வளர்ந்தன. பிரணவ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவற்றைப் பார்த்துப் பூரித்துப்போனார். பூ வைக்கிற சமயத்தில் இலை ஓரங்கள் பழுப்பாகக் கருக ஆரம்பித்தன.

"ஏனுங்ணா, இலை ஓரம் கருகுதுங்களே, எதனாலங்க?"

பிரணவுக்குத் தெரிந்ததெல்லாம் மின்தூக்கி. அவருடைய செடிகள் மேல்மாடிகளின் மெலிந்த தண்ணீரில் தாமாக வளர்ந்தவை. ஆனாலும் யோசிக்காமல் சொன்னார்: "பசிதான் அம்மிணி. வேறென்ன?"

சொன்ன கையோடு கரண்டியை இரண்டாக்கினார்.

பூவாத்தாள் தன் வடிநீரை அளந்தாள். மூன்று. நம்ப முடியாமல் உப்புமானியைக் கழுவி மறுபடி அளந்தாள். அதே மூன்று. எண்ணைக் கூவித்தான் ஆக வேண்டும்.

"மூணுங்க..." என்றாள் எட்டாம் மாடிக்கு.

ஏழாம் மாடியில் பாத்திரம் தேய்த்த ஓசை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எட்டாம் மாடியிலிருந்த தேவசகாயம், "வந்துச்சு... பரவால்லம்மா," என்றார். பரவாயில்லை என்று யாரும் அங்கே சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லில் அவள் முகம் செத்துப்போனது.

தன் கலவையில்தான் தப்பு என்று நினைத்து ஊட்டத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு அடியோடு நிறுத்தினாள். குடிக்கவும் குளிக்கவும் வைத்திருந்த நல்ல தண்ணீரை எல்லாம் படுக்கையில் ஊற்றி நாரை அலசினாள். உதடு காய்ந்து கிடந்தாள், ஆனால் வடிநீர் ஒன்றரைக்கு இறங்கியது. மறுநாள் காலை மேல்வீட்டுத் தண்ணீர் வந்தது. சாயங்காலம் அளந்தபோது மறுபடி மூன்றுக்குப் பக்கம்.

அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்ததற்காகத் தன்மீதே கோபமும் வந்தது. தங்கள் படுக்கையில் சேர்ந்த உப்பை அலசிக் கீழ்வீட்டின் தலையில் கொட்டி, எண்ணைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பிரணவ் அண்ணனா? வீட்டுக்காரர் பேசினாரா என்று அக்கறையாகக் கேட்கிற மனுசனா?

மறுநாள் எண் வந்ததும் அவள் உப்புமானியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நீர் கொட்டிக்கொண்டிருந்தது. உப்புமானியின் முனையை நீருக்கு அருகே கொண்டுபோனாள்.

மேலே பிரணவ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அளந்துவிட்டால் தான் போட்டது தெரிந்துவிடும், அவள் கூசிப்போவாள்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு உப்புமானியை முந்தானையில் துடைத்து, கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டாள். "வந்துச்சுங்க," என்றாள். காப்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

பிரணவ் பெருமூச்சு விட்டார். எவ்வளவு பண்பான பெண் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பயிர்க் கவலையில்தான் பேசாமல் போகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் தாராளமாகவே போட்டார்.

எடைநாளன்று தோட்ட அலுவலகத்திலிருந்து சுகிர்தா வந்தாள். கெட்டவள் இல்லை, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி முகம் வைத்துக்கொள்ளப் பழகியவள். தராசில் வைக்க ஒரு கூடைகூட நிரம்பவில்லை. இருந்த காய்களுக்கும் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருந்தது. அவள் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், தேயிலைச் சக்கையாட்டம் இருந்தது.

பிரணவ் வாசலில் வந்து நின்றார். அவள் குடிவந்த பிறகு அவர் அந்த ஒரு மாடி இறங்கி வந்தது அன்றுதான்.

"பட்டினி போட்டா செடி எப்படிம்மா காய்க்கும்? ஊட்டம் பாதிதானே கொடுத்தீங்க?" என்று சுகிர்தாவிடம் பாய்ந்தார்.

"பட்டினியா? இது தின்னு செத்த செடிங்க. தவணை வீட்டுக்குப் பாதி கொடுக்கறதே, மீதி மேல்வீட்டுத் தண்ணியில வந்துருங்கறதாலதான். அந்தக் கணக்குலதான் மொத்த அடுக்கும் ஓடுது. இவங்க எங்கிருந்தோ சாஸ்தியாப் போட்டிருக்காங்க."

"நான் ஒன்னும் போடலீங்க. இருபது நாளா பொட்டலத்தையே பிரிக்கல," என்றாள் பூவாத்தாள்.

பிரணவ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்," என்றார். "தொட்டியில. தினமும்."

சுகிர்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு எழுதுங்கம்மா. என்ற வீட்டை வேணா எடுத்துக்கோங்க," என்றார் பிரணவ்.

"எழுதறேனுங்க. ஆனா எடை இல்லாம நான் என்ன பண்ண முடியும்? வரிசையில முன்னூறு குடும்பம் நிக்குது. இவங்க திரும்ப முதல்லருந்து பதியணும்."

சுகிர்தா போன பிறகு வீட்டில் இருவரும் நின்றார்கள். சன்னலோரமாகக் கட்டில் அளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. கட்டில் இன்னும் வாங்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்ணா."

"சொன்னா நீ வாங்கமாட்ட. அதான்..." அவர் குழாய்ப் பக்கம் பார்த்தார். "அன்னிக்கு மானியை எடுத்துட்டு வந்தியே அம்மிணி, நான் மேல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்பவாவது அளந்திருக்கலாமே."

பூவாத்தாள் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"உங்க தண்ணிய எப்படிங்ணா அளக்கறது?"

அவள் செடிகளைப் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். அவர் உதவிக்குக் குனிந்தபோது தடுக்கவில்லை.

"கெட்ட மனசோட செஞ்சிருந்தீங்கன்னா நாலு வார்த்தை திட்டியாவது ஆத்திக்குவேன்," என்றாள், முடிச்சைப் பார்த்தபடியே. "அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க."

கந்தவேள் கரைக்கு வந்தபோது அவள் கடலோரக் கூடத்துக்கு மாறிப் போயிருந்தாள். அவன் விடுப்பு முழுவதும் கூடத்துப் பார்வையாளர் அறையிலேயே கழிந்தது என்று பிரணவ் பிறகு கேள்விப்பட்டார். ஒரு செய்தி அனுப்பலாம் என்று பலமுறை ஃபோனை எடுத்தார். என்னவென்று அனுப்புவது? வைத்துவிட்டார்.

தோட்ட அலுவலகம் அவர் வீட்டைப் பறிக்கவில்லை. உபரிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டதோடு விட்டுவிட்டது. ஆனால் எல்லா அடுக்ககங்களுக்கும் புது உத்தரவு போட்டது: இனி மேல்வீட்டுத் தண்ணீரைக் கீழ்வீட்டார் கட்டாயம் அளந்தே வாங்க வேண்டும். முதல் சில நாட்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளந்தார்கள். பிறகு பழகிவிட்டது. சொல்லப்போனால் விளைச்சல்கூடக் கொஞ்சம் கூடியது. முன்பு யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால், அந்த வீட்டின் பங்கு குடிக்க மிஞ்சட்டும் என்று மேல்வீட்டார் தங்கள் பங்கில் ஒரு குவளை நல்ல தண்ணீரை வடிநீரோடு சேர்த்து அனுப்புவார்கள். அளவு மாறினால் விசாரணை வரும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். முதல் நாள் காலை பிரணவ் வடிநீரை அளந்தார். சரிதானா என்று மறுபடியும் அளந்தார். தொட்டியில் கை படாமல் குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார்.

"ஒன்னே கால்ங்க!" என்றார்.

கீழே பதில் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. உப்புமானியில் எண் நிற்பதற்கு எடுக்கிற நேரம் அது. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"சரியா இருக்குங்க," என்றது கீழ்வீட்டுக் குரல், மரியாதையாகவே.

காப்பி குடித்தாயிற்றா என்று கேட்க வாயெடுத்தவர், கீழே பால்கனிக் கதவு சாத்தப்படுவதைக் கேட்டு உள்ளே போனார்.