தடைக்காலத்தில் ஓடிய இஞ்சின்

ராயபுரத்தில் அந்தப் பழைய பங்களாவுக்கு மங்கம்மா போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே காலை வைத்தாளோ இல்லையோ, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. என்றைக்கோ ஒரு கப்பல் ஏஜெண்ட் குடியிருந்த வீடு. இப்போது வாசலில் இதய ஆராய்ச்சி மையம் என்று பலகை தொங்கியது.

"சீக்கிரம் குட்துட்டு வந்துரு அண்ணி" என்று கொழுந்தன் வெற்றி ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டான்.

மரப்படிகள் முனக முனக ஏறினாள். கையில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பெட்டி. அதன் பேட்டரிகள் இரண்டும் இடுப்புச் சுருக்குப்பையில். அவள் புருஷன் பாஸ்கர் மார்பில் ஒயர் ஒட்டிக்கொண்டு ஏழு நாள் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெட்டி அது. நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். டிக் என்று சத்தம் வரும். அந்த நேரம் பதிவாகிவிடும். ஏழாம் நாள் விடியற்காலை அவன் செத்துப்போனான். அந்தக் களேபரத்தில் காணாமல் போன பெட்டி நேற்றுதான் அவனுடைய வலைப்பைக்குள் கிடைத்தது.

"பேட்டரிய கயட்டிட்டு எட்துகினு வா மங்கா" என்று போனில் சொன்னவள் ஃப்ளோரன்ஸ்.

ஃப்ளோரன்ஸ் இங்கே நர்ஸ். மங்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பத்து வருஷப் பழக்கம். பாஸ்கரை இந்த மருந்துச் சோதனையில் சேர்த்துவிட்டதே அவள்தான். விஷமென்று கடலிலேயே வீசிவிடுவார்களே பேத்தை மீன், அதன் விஷத்தைத் துளித்துளியாக அளந்து, தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சை அடக்க மாத்திரை செய்திருந்தார்கள். லாஞ்சு என்கிற விசைப்படகில் கடலுக்குப் போய் அதற்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவனும் பாஸ்கர்தான்.

"நான் புட்ச்ச மீனு என்னை இன்னா செஞ்சிரும்?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

மாத்திரை சாப்பிடும் நாள்வரை குடிக்கக் கூடாது. மங்கம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவன் செத்த அன்று, "குட்ச்சிருக்கான் மங்கா, ரத்தத்துல கீது" என்று காதில் ஓதியவளும் ஃப்ளோரன்ஸ்தான். அந்த ஆத்திரத்தில், பாடையைத் தூக்கும்போதுகூட மங்கம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள், பாவி.

மேல் அறையில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஃப்ளோரன்ஸ் பெட்டியை வாங்கி ஒயரால் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் பச்சைக்கோடு ஓடத் தொடங்கியது. பாஸ்கரின் நெஞ்சு.

மங்கம்மாவின் மூக்கில் டீசல் வாடை ஏறியது. கூடவே ஈர வலையின் வாடை.

"இன்னாக்கா நாத்தம்?"

"எனுக்கு ஒண்ணும் தெர்லியே" என்றாள் ஃப்ளோரன்ஸ், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு.

டிக்.

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். யார் கையும் அதன்மேல் இல்லை.

"பய்ய பொட்டி, அதான்."

டிக்.

திரையில் கோடு கலைந்தது. மலையும் பள்ளமுமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று கந்தல் நூலாகச் சுருண்டு துடித்தது. ஃப்ளோரன்ஸ் அவசரமாக ஒரு தாளில் எழுதினாள்.

"இன்னாக்கா எழுதறே?"

"லாஞ்சு இஞ்சின் ஆட்டம், மங்கா. கடல்ல போறப்ப அதிரும்ல. அத்த கணக்குல எட்துக்க மாட்டாங்க."

டிக். டிக்.

மங்கம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது.

"எந்த லாஞ்சு?"

ஃப்ளோரன்ஸின் பேனா நின்றது.

"மீன்புடி தடைக்காலம்கா. ஒரு மாசமா அத்தினி லாஞ்சும் காசிமேட்டுல கட்டிக்கெடக்குது. தடை வந்து பத்து நாள் கயிச்சுதான நீ இத்த மாட்டிவுட்ட? எந்த இஞ்சின் ஆடுச்சு, சொல்லு!"

ஃப்ளோரன்ஸ் தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். வாடை ஏறிக்கொண்டே போனது. மூலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

மங்கம்மா திரையைப் பார்த்தாள். கோட்டின் தலைமாட்டில் தேதி. பாஸ்கர் செத்த தேதி தாண்டிவிட்டது.

கோடு நிற்கவில்லை.

அவன் செத்துப் பதினாறாம் நாள். இன்றைய தேதி. மணி மூன்று இருபது.

இப்போது.

ஃப்ளோரன்ஸ் கர்த்தரே என்று தரையில் சரிந்தாள். "இந்த சோதனைய நடத்தற டாக்டர் மனோகரன்தான் அப்டி எழுதச் சொன்னாரு. அந்த விஷத்தோட அவன் ரத்தமே சண்டை போட ஆரம்பிச்சிருச்சு மங்கா, அதான் நெஞ்சு அப்டி துடிச்சுது. முன்னாடி இந்த மாத்திரைய துன்ன ரெண்டு பேருக்கும் இதான் ஆச்சு. வெளிய சொன்னா ஆராய்ச்சியே நின்னுடும், எல்லாத்தயும் ஒந்தலைல போட்ருவேன்னாரு."

பெட்டி பேசாமல் கிடந்தது.

"குட்ச்சானா, இல்லியா?" மங்கம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு சொட்டு இல்ல."

பெட்டி அப்போதும் பேசாமல் கிடந்தது. பொய்க்குத்தானே அது டிக் என்றது.

"ஓங்கையால சோறு துன்னவன்கா அவன்! அக்கா சொன்னா சரியா இருக்கும்னு, வேளை தவறாம அந்த மாத்திரைய முயுங்கினான். இப்டி கய்த்த அறுத்துட்டியே!" மங்கம்மா தாளைப் பிடுங்கி ஜாக்கெட்டில் செருகினாள். ஒயரிலிருந்து பெட்டியை உருவினாள். ஃப்ளோரன்ஸ் தடுக்கவில்லை. தலையைக் குனிந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

ஒயர் போன பிறகும் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

மங்கம்மா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அவள் பின்னாலேயே இன்னொரு ஆள் இறங்குவதுபோல ஒவ்வொரு படியும் இரண்டு தடவை முனகியது. வாசலில் வெயிலும் லாரிப் புகையும் முகத்தில் அடித்தன. ஆட்டோவில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு அண்ணி? பொட்டிய குடுக்கலியா?"

"நேரா ஸ்டேஷனுக்கு வுடு. ஒங்கண்ணன் குடிக்கல வெற்றி. கொன்னுட்டாங்க."

வெற்றி வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கியது. "ஊரே நம்புச்சே அண்ணி. நீயும் அன்னிக்கி மூஞ்சியக்கூட பாக்கலியே."

மங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் நம்பவே இல்லடா. எம் புருசன் குடிக்கலன்னு எனுக்கு அப்பவே தெரியும்."

சுருக்குப்பையில் பேட்டரிகள் இரண்டும் அப்படியேதான் இருந்தன.

மடியில் டிக் என்றது.