தட்டில் வளராதது

தட்டை நகர்த்தினாள். ஊசி நகரவில்லை.

நுண்ணோக்கிக்கு அடியில் புரதத்துளி தெளிவாகத்தான் கிடந்தது. அதன் இடது ஓரத்தில் மட்டும் கண்ணாடி ஊசி போல ஒன்று மினுங்கியது. தட்டையே எடுத்துவிட்டாள். வெறும் வெளிச்ச வட்டத்திலும் மினுங்கியது. வலது கண்ணால் பார்த்தால் இல்லை. இடது கண்ணால் பார்த்தால் இருந்தது.

சில வாரங்களாகவே அந்தக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வேலைக் களைப்பு என்று கணவன் சொன்னான். இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே ஆராய்ச்சி: கண்வில்லையில் இருக்கும் ஒரு புரதம். அதைப் படிகமாக வளர்த்தால்தான் அதன் வடிவம் பிடிபடும். கல்யாணமான நாளிலிருந்து அதனோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே ஒரு முறை, மணல் அளவுக்கு ஒரு படிகம் வந்தது. மறுநாள் காலையில் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கரைஞ்சு போச்சு அம்மு" என்றான். அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டவனும் அவன்தான்.

கண் மங்குவதற்கு முன்பிருந்தே, இடது கண் உலர்ந்துபோகிறது என்று, தினமும் காலையில் ஆய்வகத்தில் அவள் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துச் சொட்டு மருந்து விடுவான். பக்கத்து மேசைத் தோழிக்கு அதைப் பார்த்தால் பொறாமை. "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, நான் குருடாப் போனாலும் காபி எங்கேன்னுதான் கேக்கும்!"

கண் எரிந்தது. மருந்துப் புட்டியை எடுக்கக் குளிரறைக்குப் போனாள். விடுமுறை நாள். நடைவழியில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னாலேயே நடந்து போவது போலிருந்தது. குளிரறைக்குள் விசிறி முனகலும் ஈர அட்டைப் பெட்டிகளின் வாடையும் நீலம் பாரித்த வெளிச்சமும் ஒன்றாகக் கலந்திருந்தன. அவள் மூச்சு வெள்ளையாக முகத்துக்கு முன்னால் தொங்கியது. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

உள்ளே ஒரு முடி.

நீளமாக, சுருண்டு. அவளுடைய முடி.

அது எதற்கென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த படிகத்தை ஒரு முடியால் வருடி, அதே முடியை வளராத துளிக்குள் இழுப்பார்கள். ஒட்டிவரும் துகள்கள் விதையாகி, அங்கேயும் படிகம் வளரும். அவளே எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

படிகம் கரையவில்லை. அன்றைக்குக் கரையவே இல்லை.

பின்னால் கதவு திறந்தது. அவன்தான்.

"லீவு நாள்லயும் வந்துட்டியா?" குரலில் அதே செல்லம்.

"என்னங்க... இதுல என்ன கலந்தீங்க?"

அவன் புட்டியைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தைத் தாங்கினான், தினமும் தாங்குவது போலவே. பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தான். வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அவளைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை.

"தட்டுல வரவே மாட்டேன்னுடுச்சு அம்மு. உன்கிட்டதான் வந்திருக்கு. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா!"

அவள் இமை ஓரம் நனைந்தது.

"ஐயோ, அழாத." அவன் குரல் நடுங்கியது. "கரைஞ்சுடும்."

அழத்தான் நினைத்தாள். மொத்தமாக அழுது, எல்லாவற்றையும் கரைத்துவிட நினைத்தாள். கண்ணை இறுக மூடினாள்.

இடது இமை இறங்கவில்லை.

பாதியில் எதிலோ முட்டி நின்றது. நறநறவென்று ஒரு சத்தம். அவனுடைய மூக்குக்கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. கருவிழியின் நடுவிலிருந்து, டார்ச் வெளிச்சத்தை நோக்கி, ஒன்றன் பின் ஒன்றாக ஊசிகள் நீண்டுகொண்டிருந்தன.

"ஆடாம இரு" என்றான், ஆசையாக.