தாளைப் பிடிக்க ஓர் ஆள்

சுவரோடு சண்டை போடுவது சுலபம். அது திருப்பி அடிக்காது. ஆனால் சுவர் குனிந்து வணக்கமும் சொல்லாது. அதுதான் தாரகாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஸ்பிரிங்வேல் சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் கராத்தே வகுப்பு நடக்கும். வெள்ளை உடையில் பதின்மூன்று பிள்ளைகள். இருவர் இருவராக எதிரெதிரே நின்று, முதலில் குனிந்து வணங்குவார்கள். பிறகுதான் குத்தும் தடுப்பும்.

பதின்மூன்று பேரை இருவர் இருவராகப் பிரித்தால் ஒருவர் மிஞ்சுவார். அந்த ஒருவர் தாரகா. மூன்று வாரமாக அவளுக்கு ஜோடி அந்தச் சுவர்தான்.

அதற்கு முன்பு அவளுக்கு யாமினி இருந்தாள்.

யாமினி இப்போதும் வகுப்புக்கு வருகிறாள். வலது கையில் மாவுக்கட்டுடன், ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தம்பி கிரண் இதே வகுப்பில் படிப்பதால், அவர்களுடைய அம்மா பத்மா அன்ரி இரண்டு பேரையும் ஒன்றாக இறக்கிவிட்டுப் போவார். யாமினி மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். பக்கம் மட்டும் திரும்பாது. தாரகா அதைக் கவனித்திருந்தாள்.

சுவரிலிருந்து பெஞ்சுக்குப் பன்னிரண்டு காலடி. அதை அவள் கண்ணாலேயே எண்ணி வைத்திருந்தாள். ஒரு தடவையும் நடக்கவில்லை.

யாமினி எப்படி விழுந்தாள் என்று கேட்டால், பாயின் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யாமினியே சென்செய்யிடம் அப்படித்தான் சொன்னாள். சென்செய் என்றால் கராத்தே ஆசிரியர். இந்த வகுப்புக்கு மோனிகா சென்செய்.

ஆனால் நடந்தது வேறு. அன்று யாமினி வணங்கக் குனிந்திருந்தாள். அவள் நிமிரும்வரை தாரகா காத்திருக்கவில்லை. புதிதாகக் கற்ற உதையைக் காட்டும் ஆசையில் காலைத் தூக்கிவிட்டாள். யாமினி திடுக்கிட்டுப் பின்னால் போனாள், தடுமாறினாள், கையை ஊன்றி விழுந்தாள்.

இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

தாரகா நான்கு வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம் மாறியவள். எங்கும் அவளுக்கென்று யாரும் பக்கத்தில் இடம் பிடித்து வைத்ததில்லை. யாமினிதான் முதல் நாளே, "இங்க வா, என்கூட நில்லு" என்றாள். அப்படிப்பட்டவளின் கையையா முறித்தோம் என்று தாரகா தன்னையே கேட்டுக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் வகுப்பை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

இந்தச் சனிக்கிழமை குத்தும் இல்லை, உதையும் இல்லை. தூரிகைதான்.

மண்டபத்தில் ஐந்து பெரிய ஜப்பானிய எழுத்துகள் தொங்கின. வீரம், நேர்மை, மரியாதை, பொறுமை, அன்பு. ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் எழுத்து. கராத்தே கற்பவர்களுக்கு இந்த ஐந்தும் வேண்டும் என்றார் சென்செய்.

"இந்த அஞ்சும் இருந்தா அப்புறம் கராத்தே எதுக்கு சென்செய்?" என்று கேட்டான் கிரண்.

சென்செய் கொஞ்சம் யோசித்தார். "உடற்பயிற்சிக்கு," என்றார்.

ஆளுக்கு ஓர் எழுத்தைத் தேர்ந்து எழுத வேண்டும். அடுத்த வாரம் பெற்றோர் பார்க்க வரும்போது எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பத்துப் பேர் வீரத்தைத்தான் எடுத்தார்கள். தாரகாவும் அதையே எடுத்தாள். வேறொன்றை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆளுக்கு மூன்று தாள்," என்றார் சென்செய். "எழுதும்போது யாரும் பேசக்கூடாது. போட்ட கோட்டைத் திரும்பத் தொடக்கூடாது. எழுதுகிறவர் முழங்காலை நகர்த்தக்கூடாது, தாள்தான் நகர வேண்டும். அதனால் ஒருவர் எழுத, அவருடைய ஜோடி எதிரில் இருந்து தாளைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். பிறகு மாறிக்கொள்ளலாம்."

ஜோடி. தாரகா சுவரைப் பார்த்தாள். சுவருக்கு ஏது கை?

எல்லோரும் மண்டியிட்டார்கள். மண்டபம் அமைதியானது. வெளியே ரயில் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. தாரகா தன் தாளைப் பாயில் விரித்து, தூரிகையை மையில் தோய்த்து, முதல் கோட்டை இழுத்தாள். ஈரமான தூரிகையோடு தாளும் சேர்ந்து வந்தது. கோடு சுருங்கி, தாள் கிழிந்தது.

இரண்டாவது தாளின் மேல்பக்கத்தில் தண்ணீர் போத்தலை வைத்தாள். நான்காவது கோட்டில் போத்தல் உருண்டது. தாள் சுருண்டு, அவள் மணிக்கட்டில் ஒட்டிக் கிழிந்தது. சட்டைக் கையெல்லாம் மை.

சென்செய் அருகில் வந்து, நான் பிடிக்கட்டுமா என்று கையால் கேட்டார். தாரகா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏன் அப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசித் தாள் கையில் இருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பெஞ்சை நோக்கி நடந்தாள். பதினான்கு காலடி ஆனது. பயத்தில் சின்னச் சின்னதாக வைத்தாள்.

"யாமினி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் யாருமே பேசாத மண்டபத்தில் அது மைக்கில் சொன்னதுபோல் கேட்டது. எல்லாத் தூரிகைகளும் நின்றன. தாரகாவின் காது சூடாகியது. இனித் திரும்பிப் போனாலும் ஒன்றுதான், சொன்னாலும் ஒன்றுதான்.

"நீ குனிஞ்சு நிண்டனி. நீ நிமிர முந்தி நான் காலைத் தூக்கிட்டன். நீ சும்மா தடுக்கி விழேல்லை. என்னாலதான் விழுந்தனி."

யாமினி புத்தகத்தை மூடினாள். "தெரியும்."

"பிறகு ஏன் சென்செய்யிட்ட சொல்லேல்லை?"

"சொன்னா உன்னை கிளாஸ விட்டு அனுப்பிட்டாங்கன்னா?" யாமினி மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் பாத்தா, நீ ஒரு வார்த்தை பேசல. விழுந்ததும் நான் சின்னப் பாப்பா மாதிரி அழுதேன்ல. அதான் உனக்கு என்னைப் பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன்."

"நீ என்னோட கோவம் எண்டு நான் நினைச்சன்."

"ஆமா, கோவம்தான். நீ பேசாததுக்கு."

"மன்னிச்சுக்கொள், யாமினி."

"ம்."

"அப்ப எங்கக்கா கையை உடைச்சது நீதானா?" என்றது ஒரு குரல்.

"கிரண்," என்றார் சென்செய், "உன் தாளைப் பார்."

அவன் ஓங்கிப் பிடித்திருந்த தூரிகையிலிருந்து மை சொட்டிச் சொட்டி, அவன் எழுதிய வீரத்தின் நடுவில் ஒரு குளம் கட்டியிருந்தது. யாரோ சிரிப்பை அடக்க, அது தும்மல்போல் வெளியே வந்தது.

"தாரகா, வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து பேச வேண்டும்," என்றார் சென்செய்.

"ஓம், சென்செய்."

யாமினி பெஞ்சிலிருந்து இறங்கினாள். "சரி, தாளைக் குடு. நான் பிடிக்கிறேன். அதுக்கு ஒரு கை போதும்."

தாரகா தாளை நீட்டப்போனாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் இங்கே பதின்மூன்று தாள் தொங்கும். யாமினியின் தாள் மட்டும் இருக்காது. அவள் அம்மா வந்து எதைப் பார்ப்பார்?

"இல்லை," என்றாள் தாரகா. "நீ எழுது. நான் பிடிக்கிறன்."

"விளையாடுறியா? எனக்கு இடது கையால ஸ்பூன் கூட பிடிக்க வராது."

"எல்லாத்திலையும் சின்னனா ஒண்டு இருக்கு. அங்க பார். நாலே நாலு கோடு."

யாமினி நிமிர்ந்து பார்த்தாள். இடப்பக்கம் ஓர் ஆள் நிற்பதுபோல் இரண்டு கோடு. வலப்பக்கம் படுத்தாற்போல் இரண்டு கோடு. கீழே சிறிதாக, அன்பு என்று பொருள் எழுதியிருந்தது.

"அப்ப உன்னோடது?"

"எனக்கு வீரம் வரேல்லை. ரெண்டு தரமும் கிழிஞ்சு போச்சு."

யாமினிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு தாரகா அதைக் கேட்டாள்.

இருவரும் பாயில் எதிரெதிரே மண்டியிட்டார்கள். தாரகா தாளின் மேல் நுனி இரண்டையும் பிடித்துக்கொண்டாள். யாமினி இடது கையால் தூரிகையைத் தோய்த்தாள். மண்டபம் மறுபடியும் அமைதியானது.

முதல் கோடு மண்புழுவாக நெளிந்தது. யாமினி உதட்டைக் கடித்தாள். அதைச் சரி செய்யத் தூரிகை மறுபடி அதே இடத்துக்குப் போனது. தாரகா தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். கெட்டுப்போன கோடு தூரிகையை விட்டு மேலே போய்விட்டது. இப்போது யாமினியின் முன் வெள்ளைத் தாள் மட்டுமே இருந்தது.

யாமினி தாரகாவைப் பார்த்தாள். தாரகா காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கு நன்றாக வரும், மூன்று வாரப் பழக்கம்.

இரண்டாவது கோடு. மூன்றாவது. தூரிகை நடுங்கினால் தாரகா தாளை நிறுத்தினாள். அது நகர்ந்தால் தாளை நகர்த்தினாள். நான்காவது கோடு தாளின் விளிம்பு வரைக்கும் ஒரே மூச்சில் போய், விளிம்பைத் தாண்டி, பாயிலும் கொஞ்சம் போனது.

"கோணலா இருக்கு," என்றான் கிரண்.

"உன்னோடதுல மீன் வளக்கலாம்," என்றாள் யாமினி.

வகுப்பு முடிந்ததும் தாரகா சென்செய்யிடம் போனாள். எதையும் விடாமல் சொன்னாள். சென்செய் முழுவதையும் கேட்டார். வகுப்பை விட்டு அனுப்பவில்லை. பத்மா அன்ரியிடம் தாரகாவே சொல்ல வேண்டும் என்றார். யாமினியின் கட்டைப் பிரிக்கும்வரை, வகுப்பு முடிந்ததும் பாய்களை அடுக்குவது தாரகாவின் வேலை என்றார்.

"நானும் அடுக்கலாமா சென்செய்?" என்றாள் பின்னால் நின்ற யாமினி. "கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. தள்ளி விடுவேன்."

பத்மா அன்ரி வந்ததும் தாரகா எல்லாவற்றையும் சொன்னாள். அன்ரி யாமினியின் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கடைசியில் அம்மா என்று சேர்த்துக்கொண்டார். அதைத் தாரகா கவனித்தாள்.

மண்டபத்துக்கு வெளியே அப்பாவின் வான் வந்து நின்றது. தாரகா ஏறிக்கொண்டாள்.

"இண்டைக்கு என்ன எழுதினனி?" என்று கேட்டார் அப்பா.

"நான் ஒண்டும் எழுதேல்லை அப்பா. பிடிச்சனான்."

"என்னத்தை?"

தாரகா சொல்லத் தொடங்கினாள். டண்டினொங்கில் வீட்டு வாசல் வந்து, அப்பா எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகும் அவள் இரண்டாவது கோட்டில்தான் இருந்தாள்.