அறுபத்து மூன்று கிலோ கூடுதல்

அறுபத்து மூன்று கிலோ கூடுதலாக இருந்தது. விமானத்தின் சரக்கறையில் இரண்டாயிரத்து நூறு கிலோ என்று அவர் தட்டியிருந்தார். கணினித் திரையில் வந்து நின்ற பயணத் திட்டத்தாளில் இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று என்று இருந்தது. விரலை வைத்து எண் எண்ணாகப் படித்தார். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவருக்குத் தன் கண்மேல் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி அதே அறுபத்து மூன்று.

மதியம் இரண்டு மணி. இரவு வேலை பார்ப்பவரின் வீடு என்பதால் தடித்த திரைச்சீலை வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருந்தது. கணினிக்குள் விசிறி கரகரவென்று சுற்ற, சூடான தூசி வாசனையும் அவர் இடுப்பில் தேய்த்திருந்த தைல வாசனையும் கலந்து அந்தச் சின்ன அறையில் தேங்கிக் கிடந்தன. இருபத்திரண்டு வருடமாக விமானத்தில் பெட்டி ஏற்றுகிறார். ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. அந்தக் குறை தீர, பழைய கணினி ஒன்றும் ஜாய்ஸ்டிக் ஒன்றும் வாங்கி, மச்சானை விட்டு விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் போடச் சொல்லியிருந்தார். ஓட்டக்கூட ஓரளவு வந்துவிட்டது. புறப்படுமுன் வழி, எரிபொருள், எடை எல்லாம் கணக்குப் போட்டுத் தரும் கருவிகளில் எதை எடுப்பது என்பதுதான் இன்றைய பாடு.

மச்சானுக்குப் போன் போட்டார். அவன் கணினி பழுது பார்க்கிறவன்.

"நீங்க போட்டதைத்தான் மாமா அது காட்டும். உங்க பெட்டிக்குள்ள செங்கல் வைக்கணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா?"

"அறுபத்து மூணு கிலோடா."

"ஓசியில கிடைக்கிறது அப்படித்தான். மாசாமாசம் காசு கட்டுற ஒண்ணு இருக்கு, ஒரு வாரம் சும்மா தருவான், போட்டுப் பாருங்க. அதுவும் சரிப்படலேன்னா மூணாவது ஒண்ணு. வரைபடத்துல கோடு மட்டும் போடும். எடையெல்லாம் கேக்கவே கேக்காது. சோம்பேறிங்களுக்குன்னே செஞ்சது."

"ரெண்டாவதையே பாக்கறேன்."

"ஊர்ப் பேருக்கு நாலு எழுத்துப் போடணும் மாமா. உங்க பெட்டிச் சீட்டுல இருக்கிற மூணு எழுத்தைப் போட்டுட்டு, ஊரையே காணோம்னு எனக்குப் போன் பண்ணாதீங்க."

போன வாரம் அப்படித்தான் செய்திருந்தார். அவர் முதன்முதலில் கூட்டிப் படித்த எழுத்துகளே பெட்டிச் சீட்டில் இருந்தவைதான். அதைப் பார்த்துத்தான் கூட வேலை செய்கிறவர்கள் 'வாத்தியார்' என்று பட்டம் வைத்தார்கள்.

இரண்டாவது கருவி பார்க்கவே கண்ணியமாக இருந்தது. காற்று எந்தப் பக்கம், மழை எங்கே, இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் எந்த நிலையம் என்று வரிசையாகக் கேட்டது. பொறுமையாக நிரப்பினார். சரக்கு, எண்ணூறு கிலோ.

எண்ணூற்று அறுபத்து மூன்று என்று வந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. முன்னறையில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியையும் உதறும் சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி உதறும் சத்தம். அந்தச் சத்தம் இருப்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. சரக்கு என்ற இடத்தில் பூஜ்யம் தட்டினார். பயணிகள் பூஜ்யம். ஒரு பெட்டிகூட இல்லாத வெறும் விமானம்.

சரக்கு அறுபத்து மூன்று.

அறையில் மழையில் நனைந்த ரப்பர் அங்கியின் வாசனை வந்தது. வெளியே பொட்டு மேகம் இல்லை.

வேறு ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது. அவர்தான் இந்த வழியே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரே ஒரு தடவை, இந்த விமானத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் போதும், அப்புறமாவது தூக்கம் வரும் என்று ஒரு நப்பாசை. மூன்று வருடமாக அவர் படுக்கிறார், அவ்வளவுதான். தூங்குவதில்லை.

தற்காலிக வேலைக்கு வந்த பையனைப் பூனை என்று கூப்பிடுவார்கள். கிடைத்த மூலையில் சுருண்டு தூங்கிவிடுவான். பெட்டி நிறுக்கும் தராசில் ஒருநாள் அவனை ஏற்றி, எடையைச் சரியாக ஊகிக்காதவன் டீ வாங்க வேண்டும் என்று பந்தயம் கட்டினார்கள். அறுபத்து மூன்று. "இன்னும் ஒரு கிலோ ஏறட்டும், பொண்ணு பாத்துடலாம்" என்று வாத்தியார்தான் கிண்டல் செய்தார்.

சரக்கறைக் கதவை மூடுமுன் உள்ளே தலையை நீட்டி, "யாரு உள்ளே?" என்று குரல் கொடுக்க வேண்டும். அது முறை. மூன்று வருடத்துக்கு முன் அந்த இரவு அடைமழை. தொடர்ந்து பதினாறு மணி நேர வேலை. விமானம் வேறு தாமதம், மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தார். குரல் கொடுக்கவில்லை. கதவை இழுத்து மூடினார். விமானம் இதே வழியில் போனது. பூனை அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் ஓடிவிட்டான் என்று பேரை அடித்துவிட்டார்கள். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. போய் இறங்கிய ஊரில் யார் கதவைத் திறந்தார்கள், என்ன பார்த்தார்கள், ஒரு சேதியும் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்றாவது கருவியைத் திறந்தார். எடை கேட்காதது. அது போதும்.

இரண்டு புள்ளி. நடுவில் ஒரு கோடு. வேறொன்றும் இல்லை. சிமுலேட்டரில் விமானத்தைக் கிளப்பினார்.

ஓடுபாதை முடியும் இடத்தில்தான் விமானம் மனசில்லாமல் எழும்பியது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே பறந்தது. அவர் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளி, விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திப் பிடித்தார். தோள் வலித்தது. திரையில் வெளிக்காற்றின் குளிர் ஏறிக்கொண்டே போனது. சுழியத்துக்குக் கீழே இருபது. நாற்பது. ஐம்பத்து நான்கு. விரல் நுனிகள் மரத்துப்போயின. வாயிலிருந்து புகை வந்தது. திரைச்சீலையின் விளிம்பில் வெயில் கோடாக எரிந்துகொண்டிருந்தது. புகை நிற்கவில்லை.

நிறுத்திவிடலாம். எஸ்கேப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

பறந்துகொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரம். கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடும். விழுந்தால் மறுபடியும் அவர்தான் காரணம்.

இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டது. நின்றது. எஞ்சின் ஓசை இறங்கி இறங்கி அடங்கியது. திரையில் தெரிந்த விமானிப் பலகையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

சரக்கறைக் கதவு திறந்துள்ளது.

வீடு அமைதியாக இருந்தது. துணி உதறும் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. முன்னறையில் மனைவி யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "உங்ககூட வேலை பாத்த தம்பியாம். கதவு திறந்துதான் இருந்துச்சு, வந்து நிக்கறாரு."

அவள் பூனையைப் பார்த்ததில்லை.

"வழி முழுக்கத் தூங்கிட்டே வந்தாராம். பாவம், அசந்து போயிருக்காரு. கை தொட்டா அப்படிச் சில்லுனு இருக்குங்க. போர்வை கேக்கறாரு."

அவள் உள்ளே வந்து, கட்டிலில் இருந்த போர்வையை உருவிக்கொண்டு போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

முன்னறைத் தரையில் ஒருவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். முழங்கால் இரண்டையும் மார்போடு ஒடுக்கி, நாலு பக்கமும் பெட்டிகள் நெருக்குவதுபோல. சட்டையில் விமான நிலைய வேலையாட்களின் பளிச்சிடும் பட்டை. தலைமுடி வெள்ளை வெளேரென்று பனி பூத்து, நுனி நுனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, சொந்தத் தம்பிக்குச் செய்வதுபோல, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"உங்களுக்காகத்தான் வந்தாராம்," என்றாள்.

போர்வைக்குள் அவன் மெல்ல அசைந்தான். கண்ணைத் திறக்காமலேயே சுவர்ப்பக்கம் நகர்ந்து, போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டான்.