நீண்டுபோன டேப்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சாதனைப் பலகையில் எல்லாப் பெயர்களும் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு பெயர் மட்டும் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டிக்கொண்டிருக்கும். அபிதகுஜாம்பாள். பெண்கள் நீளம் தாண்டுதல், 1982, 4.06 மீட்டர்.

அது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் அந்தப் பெயரை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். நானும் நீளம் தாண்டுகிறவள்தான். என் பெயர் தனம். மாடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கு வந்து படிக்கிறேன். இது 1990, நான் எட்டாம் வகுப்பு. எவ்வளவு வேகமாக ஓடிவந்து குதித்தாலும் எனக்கு 3.98, 4.00, மிஞ்சினால் 4.01. அதற்கு மேல் ஒரு எறும்பு அளவுகூட நகராது. அந்தப் பலகையில் என் பெயர் ஏற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது.

போன மாதம் எங்கள் பி.டி. சார் சத்தியநாதன் வைத்திருந்த பழைய துணி டேப்பின் பெட்டி உடைந்து போனது. புது டேப் வாங்க, என் வகுப்பு சிட்டிபாபுவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் அப்பா வீடு கட்டும் மேஸ்திரி. அதனால் டேப் விஷயத்தில் சிட்டிபாபுவும் பெரிய மேஸ்திரிதான். கடைக்காரர் நீட்டிய முதல் டேப்பை வாங்கிவிடவில்லையாம். மூன்று டேப்புகளைப் பிரித்துத் தரையில் பக்கம் பக்கமாகப் போட்டானாம். ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தானாம். பூஜ்யம் வளையத்தின் நுனியிலிருந்து தொடங்குகிறதா, கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறதா என்றுகூடக் கேட்டானாம். கடைக்காரர், "தம்பி, டேப் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு ஸ்டீல் டேப்போடு வந்தார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை புது டேப்பை வைத்து அளந்தபோது நான் 4.09 குதித்திருந்தேன்.

சார் இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் 4.09. என் தோழிகள் என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் ரிப்பன் எங்கேயோ போய்விட்டது. வெள்ளிக்கிழமை பெயின்டர் வருவார், பலகையில் உன் பெயரை எழுதிவிடலாம் என்று சார் சொன்னார். வீட்டில் அம்மா கேசரி கிளறினாள். அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்ததில் 4.09 என்பது தெருக்கோடி போவதற்குள் ஐந்து மீட்டர் ஆகிவிட்டது.

புதன்கிழமை என்னையும் சிட்டிபாபுவையும் கபடிக் கோடு போடச் சொன்னார் சார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆளுக்கொரு டேப் எடுத்துக்கொண்டோம். அவன் கையில் ஸ்டீல், என் கையில் பழைய துணி டேப். அவன் ஒரு பக்கம் பத்து மீட்டர், நான் எதிர்ப்பக்கம் பத்து மீட்டர் அளந்து சுண்ணாம்பு போட்டோம். இரண்டு முனையையும் சேர்த்துக் கோடு இழுத்தால், அது கோணிக்கொண்டு நின்றது.

நீதான் தப்பாக அளந்தாய் என்று அவன் சொன்னான். உனக்குத்தான் கண் தெரியவில்லை என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் நன்றாகவே சண்டை போட்டோம். அப்புறம் அவனுக்கே ஏதோ தோன்றி, இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். துணி டேப்பின் பத்தாவது மீட்டர், ஸ்டீல் டேப்பின் பத்தாவது மீட்டரைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு வெளியே கிடந்தது.

"துணிதானே. வருஷக்கணக்கா இழுத்து இழுத்து நீண்டு பூட்ச்சு" என்றான் சிட்டிபாபு.

நீண்டு போன டேப் கூடுதலாகத்தானே காட்டும் என்று நான் நினைத்தேன். யோசித்தால் நேர் எதிர். அம்மா அரிசி அளக்கும்போது பார்த்திருக்கிறேன். படி பெரிதாக இருந்தால் படிக் கணக்கு குறையும். டேப் நீண்டதில் அதில் இருக்கும் ஒவ்வொரு மீட்டரும் பெரிதாகிவிட்டது. அதனால் அதே தூரத்துக்குக் குறைவான எண்தான் வரும்.

ஸ்டீல் டேப்பில் 4.09 இருக்கும் இடத்தில் துணி டேப்பைப் பார்த்தேன். 4.01 என்று இருந்தது.

4.01. நான் எப்போதும் குதிக்கிற அதே 4.01. நான் ஒரு மண்ணும் முன்னேறவில்லை. டேப் மாறியதுதான் நடந்தது. எனக்கு அழுகை வந்தது. சிட்டிபாபு முன்னால் அழக்கூடாது என்று ஒரு வைராக்கியம் உண்டு எனக்கு, அன்றைக்கு அதுவும் போயிற்று.

அவன் பதறிவிட்டான். கொஞ்ச நேரம் காலால் சுண்ணாம்பைக் கிளறிவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தான்.

"த பாரு தனம். இது இப்ப நீண்டு கீது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசா இருந்திருக்கும்ல? அப்ப அவங்க குதிச்சது நெசமாவே 4.06. நீ 4.09. நீ ஜெயிச்சது ஜெயிச்சதுதான், வுடு."

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கணக்கு வகுப்பு முழுக்க அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்போது புதிதாக இருந்திருக்கும் என்பதில் அந்த 'இருக்கும்' என்னைச் சும்மா விடவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாமலே என் பெயரை எழுதிவிட்டால், அப்புறம் தினமும் அந்தப் பலகையை எப்படிப் பார்ப்பது?

அவங்களையே கேட்டுவிடலாம் என்றேன். அபிதகுஜாம்பாள் என்ற பெயரில் தாம்பரத்தில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? சிட்டிபாபு வீட்டில் கேட்டு வந்தான். அவன் அக்கா டைப் கற்றுக்கொள்ளும் இடத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் பெயரே அதுதானாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் அந்த மாடிக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் மலை மாதிரி ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் என் உயரம்தான் இருந்தார், மூக்குக் கண்ணாடி, கைத்தறிப் புடவை. நான் உங்கள் சாதனையை முறியடித்துவிட்டேன், இல்லை, முறியடித்தேனா என்று தெரியவில்லை என்று உளறினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் பேர் இன்னும் அங்கே இருக்கா?"

கோட்டைத் தாண்டி இருக்கிறது என்றான் சிட்டிபாபு. அவர் சிரித்துவிட்டார். அப்புறம் உட்கார வைத்து, எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டார். அந்த வருஷம்தான் அவர் கடைசியாகக் குதித்தாராம். அடுத்த வருஷம் தாவணி போட்டார்கள், போதும் இந்தக் குதியாட்டம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த டேப் அப்போது பழசா, புதிசா என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, வந்தது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கிளம்ப எழுந்தேன்.

"இரு இரு. எங்க டீச்சருக்கு அன்னிக்குத் தலைகால் புரியலை. என் குதிகால் பட்ட இடத்துக்கு நேரா, மணலுக்குப் பக்கத்துல ஒரு செங்கல்லைப் புதைச்சாங்க. நான்தான் அதுல ஆணியால 'அ'னு கீறினேன். அது இருக்கான்னு பாரேன்" என்றார். கொஞ்சம் தயங்கி, "எதுவானாலும் எனக்கு வந்து சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நாங்கள் மைதானத்தில் இருந்தோம். சிட்டிபாபு அவன் அப்பாவின் பூச்சுக் கரண்டியை எடுத்து வந்திருந்தான். தாண்டும் பலகை சிமெண்டில் பதித்தது, நகர்ந்திருக்க வழியில்லை என்று முதலில் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். மணல் ஓரத்தில் அருகம்புல் அடர்ந்திருந்தது. புல்லைச் சீவச் சீவ மண்தான் வந்தது. இருக்காது, இருக்கவே இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கரண்டி எதிலோ பட்டுக் கிரீச்சிட்டது.

செங்கல். அதில் கோணல்மாணலாக ஒரு 'அ'.

பலகை விளிம்பில் பூஜ்யத்தை வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அவன் தொய்வில்லாமல் இழுத்துப் படித்தான். 4.14. மறுபடி அளக்கச் சொன்னேன். 4.14. நாங்கள் இடம் மாறி நான் படித்தேன். 4.08 ஆகிவிடாதா என்று கொஞ்சம் இழுத்துக்கூடப் பார்த்தேன். ஸ்டீல் டேப், அசையவில்லை. 4.14.

அப்படியானால் 1982-இலேயே அந்தத் துணி டேப் நீண்டுதான் கிடந்திருக்கிறது. அதில் 4.06 என்று வந்தது, நிஜத்தில் 4.14.

பெயின்டர் ஏணியைச் சாத்தி வெள்ளைப் பெயின்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சார். நான் போய்ச் சொன்னதும் சார் டேப்பை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். தானே அளந்தார். திரும்பி வரும்போது முகம் வாடியிருந்தது.

"உன் பேரு வரப்போகுதுன்னு ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார்.

"என் பேரு வேணாம் சார். அவங்க நம்பரை மட்டும் மாத்தச் சொல்லுங்க."

4.06-ஐத் தாண்டவே மூன்று வருஷம் தவித்தவள், இப்போது அதை 4.14 ஆக்கச் சொல்லி நானே கேட்கிறேன். சார் என் தலையில் கை வைத்துவிட்டுப் பெயின்டரிடம் திரும்பினார். பெயின்டருக்குத்தான் பெரிய வருத்தம். "தனம்னா மூணே எழுத்து, சுளுவா கீதுன்னு நெனச்சேன். இந்த நீட்டுப் பேரை இன்னும் எத்தினி வருஷத்துக்கு வச்சிக்கினு இருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு எண்களை மட்டும் மாற்றினார்.

அன்று சாயங்காலமே டைப் மாடிக்குப் போய்ச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் அபிதகுஜாம்பாள் அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "எட்டு வருஷம் கழிச்சு நான் இன்னும் நீளமாக் குதிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். அப்புறம் மைதானத்துக்குப் போய்ச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். திடீரென்று செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையை இழுத்துச் சொருகினார். ஓடிவந்து குதித்தார். பாதி தூரம்கூட வரவில்லை. பொத்தென்று மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இப்போ நீ" என்றார், வாயில் மணலோடு.

நான் வேப்பமரம் வரை போய் நின்றேன். செங்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவந்தேன். தாண்டும் பலகையை மிதித்தேன், குதித்தேன்.

சிட்டிபாபு ஸ்டீல் டேப்பை விரித்துக் குனிந்தான். அக்காவும் பக்கத்தில் முட்டி போட்டார். செங்கல்லுக்கு இன்னும் நாலு சென்டிமீட்டர் பாக்கி இருந்தது.

"4.10" என்றான் சிட்டிபாபு.

போன திங்கட்கிழமை வந்த எட்டு சென்டிமீட்டரைக் கொடுத்தது டேப். இந்த ஒரு சென்டிமீட்டர் நான் குதித்தது. மணலைச் சமப்படுத்திவிட்டு மறுபடி வேப்பமரத்துக்கு நடந்தேன்.