துரை குடித்த தண்ணீர்

அன்று காலை எங்கள் தொழுவத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்குக் கதை கட்டக் கூடாது. நான் இருந்தேன். என் தம்பி இருந்தான். அவன் மகள் சுண்டு, பள்ளிச் சீருடையில், பாதி பின்னிய சடையோடு இருந்தாள். கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டரம்மா வந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பால்காரர் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். நடுவில் எங்கள் காளை துரை நின்றது.

துரையின் அப்பா, தாத்தா எல்லாம் எங்கள் தொழுவத்தில் பிறந்தவை. சுற்றுவட்டாரத்தில் அழகான கன்றைக் கண்டால், அந்த வீட்டுக் காளையின் கன்றா என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட துரையோடு சேர்ந்த பசுக்கள் கொஞ்ச காலமாகச் சினை பிடிக்கவில்லை.

டாக்டரம்மா துரையின் விந்தைச் சோதித்திருந்தார். கன்று உருவாக வேண்டுமானால் விந்தணுக்கள் வாலை ஆட்டி நீந்திப்போய்ப் பசுவின் கருமுட்டையைச் சேர வேண்டும். துரையின் விந்தணுக்களோ இருந்த இடத்திலேயே சோம்பிக் கிடக்கின்றன என்றார்.

பால்காரர் தொண்டையைக் கனைத்தார். "வயசாயிடுச்சு. சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான்."

பலன் இல்லாத காளையைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று சுண்டுவுக்குத் தெரியும். கறிக்கடைக்காரர்தான். அவள் துரையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வயது காரணமாக இருக்காது என்றார் டாக்டரம்மா. தண்ணீரிலோ தீவனத்திலோ கலக்கும் நச்சுப்பொருள்கள்கூட இப்படிச் செய்யுமாம். அதைத்தான் அவர் ஆராய்கிறார். வைக்கோலையும் கிணற்றுத் தண்ணீரையும் கொஞ்சம் எடுத்துப் போனார். நாங்கள் குடிக்கும் கிணறு அது. அதைச் சந்தேகப்படுவதா என்று எனக்குக் கோபம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் முகத்தைச் சுளிப்பது எங்கள் வழக்கம் இல்லை.

இரண்டிலும் குறை இல்லை என்று பதில் வந்தது. எனக்குப் பெருமை. பால்காரருக்கு அதைவிடப் பெருமை. அடுத்த சந்தைக்குத் துரையை ஓட்டுவதென்று தம்பி வாடிய முகத்தோடு முடிவு செய்தான்.

சுண்டு மட்டும் தொழுவத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். கிணறு எல்லா மாடுகளுக்கும் ஒன்றுதான். ஆனால் மற்ற மாடுகள் கல்தொட்டியில் குடிக்கும். துரை அவற்றோடு ஒரே தொட்டியில் வாய் வைப்பதா? அதனால் அதற்கென்று தனியாக ஒரு நீலப் பீப்பாய். தம்பி அதைப் பழைய சாமான் கடையில் வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, சிவப்பு எழுத்தில் 'துரை' என்று எழுதி வைத்திருந்தான்.

"அப்பா, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

தம்பி தலையைச் சொறிந்தான். பெயிண்ட் கம்பெனிப் பீப்பாய் என்று கடைக்காரர் சொன்ன ஞாபகமாம்.

அவள் ஒரு பாட்டிலில் பீப்பாய்த் தண்ணீரை நிரப்பினாள். நான் வாசலில் மறித்தேன். எங்கள் பீப்பாயைப் பற்றி ஊர் பேச வேண்டுமா என்று கேட்டேன்.

"பேசட்டும் பெரியப்பா. பேசினவங்க நாளைக்கு மறந்துடுவாங்க. துரை போச்சுன்னா திரும்பி வருமா?"

அவளை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போக வண்டியை எடுத்தேன். எங்கள் வீட்டுப் பெண் அவ்வளவு தூரம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பது எங்களுக்கு மரியாதை அல்ல.

அவள் நினைத்தது சரிதான். பெயிண்டைக் கரைக்கும் ரசாயனம் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்தது. வெயிலில் சூடாகும்போதெல்லாம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி டாக்டரம்மா பீப்பாயைக் கையோடு கொண்டுபோனார். புது விந்தணுக்கள் உருவாகச் சில மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். சந்தைப் பேச்சு நின்றது.

ஆனால் துரை கல்தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பீப்பாய் இருந்த இடத்தில் போய் முறைத்துக்கொண்டு நின்றது.

"யாரை மாதிரியோ இருக்கு," என்று தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்.

சுண்டு விடவில்லை. மற்ற மாடுகள் குடித்து முடித்ததும் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். புதுத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். துரையின் கயிற்றைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் படித்தாள். வாய்ப்பாடு முழுவதும் ஒப்பித்தாயிற்று. இருட்டும் நேரத்தில் துரை ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைக் குனிந்தது. உறிஞ்சும் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. அன்றிலிருந்து பள்ளிக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அதற்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலையானது. மழையிலும் நிறுத்தவில்லை.

மாதங்கள் போயின. மறுபடி சோதித்த நாளில் டாக்டரம்மா சுண்டுவை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

"ஸ்கூல் மணி அடிச்சதும் நாங்க ஓடுவோம்ல, அந்த மாதிரி ஓடுது," என்றாள்.

அதன்பின் துரையோடு சேர்ந்து முதலில் சினையான பசு பால்காரருடையதுதான்.

துரையைச் சந்தையில் தள்ளிவிட்டு, அதே சாயலில் வேறொரு காளையை வாங்கிக் கட்டியிருக்கிறோம் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். பொய். எங்கள் தொழுவத்தில் நிற்பது துரைதான்.