வார்டு அதிர ஒரு மன்னிப்பு

"கையை எடுங்க!"

அம்மாவின் வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்த ஆல்வின் திடுக்கிட்டான். அவன் மணிக்கட்டை ஒரு மெல்லிய கை இறுகப் பிடித்திருந்தது. நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்... கோபத்தில் இத்தனை அழகாக விரியும் கண்களை அவன் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சீருடை, மழையில் நனைந்த முன்முடி. சட்டையில் பெயர்... மலர்க்கொடி, செவிலியர்.

"கால் வலிக்குதுன்னா நீவாம இன்னா பண்றது சிஸ்டர்? பெத்த தாயி!"

"பாசத்தை அப்புறம் காட்டுங்க. கால்ல இன்னும் ரத்தக்கட்டி இருந்தா, நீவி நீவி அதையும் நெஞ்சுக்கு அனுப்பிடுவீங்க!"

ஆல்வின் காலிலிருந்து கையை எடுத்துவிட்டான். எலும்பு முறிந்து படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மா மார்த்தாளுக்கு, தினமும் எண்ணெய் போட்டு நீவியவன் அவன்தான். இன்று காலை மூச்சு வாங்கிச் சரிந்தவளை, கொட்டும் மழையில் மாகறலிலிருந்து உத்திரமேரூர் மருத்துவமனைக்குத் தூக்கி வந்திருந்தான்.

அப்படியென்றால்... அம்மாவை நானேவா?

பயம் தாங்காமல் கோபமாக வெடித்தது. ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியும், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் கவ்விய கருவி எண்பத்திரண்டிலேயே நின்றது.

"ஏற மாட்டேங்குதே! காலி சிலிண்டரை வெச்சிக்கினு ஏமாத்தறீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மலர்க்கொடியின் முகம் சிவந்தது. அழுதுவிடுவாளோ என்று நினைத்தான்... அவளா அழுவாள்!

"சிலிண்டர் ஃபுல்லாத்தான் கீது. கட்டி நுரையீரல் குழாயை அடைச்சிகினு கீது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி உங்க அம்மா இதயம் ஓஞ்சி போச்சு. ரத்தம் மெதுவா சுத்துது. மெதுவா போற ரத்தத்துல உடம்பு ஆக்சிஜனை ஒட்டக் கறந்துடும். நுரையீரலுக்குக் காலியா வர்ற ரத்தத்தை, அடைக்காத கொஞ்ச எடம் எவ்ளோதான் ரொப்பும்? இதயம் தேறினாத்தான் நம்பர் ஏறும். டாக்டர் கட்டி கரைய ஊசி போட்டுட்டாரு. கத்தாம ஒக்காருங்க."

உட்கார்ந்தான். ஜெபித்தான். மழை விட்டது. மருந்தை ஏற்றிக்கொண்டும், நாடியைப் பிடித்துக்கொண்டும் அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. எண்பத்தைந்து... எண்பத்தொன்பது...

"சிஸ்டர்! ஏறுது! ஏறுது சிஸ்டர்!"

"இதயம் தேறுது!" அவளும் துள்ளிவிட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சட்டென்று கோபம் ஞாபகம் வந்து, அவள் உதட்டைச் சுழித்துத் திரும்பிக்கொண்டாள். போதாதா? ஆல்வின் விழுந்தேவிட்டான்.

அப்புறம் அவன் வராந்தாவில் நின்று மன்னிப்பு கேட்டான். மருந்தகத்து வாசலில் கேட்டான். அவளும் விடாக்கண்டிதான்.

"திட்டினது ஊரே கேக்க. மன்னிப்பு மட்டும் ஒளிஞ்சி ஒளிஞ்சியா?"

'அவன் முகத்தைப் பார்த்தாலே மனசு இளகித் தொலைக்குதே...' என்று உள்ளுக்குள் தவித்தாலும், வெளியே வீம்பு குறையவில்லை.

மார்த்தாள் வீடு திரும்பும் நாளும் வந்தது. இன்று விட்டால் இனி எந்தச் சாக்கில் பார்ப்பது? பார்வையாளர் நேரம்... வார்டு நிறைய ஜனம். ஆல்வின் நடுவில் போய் நின்றான். அறுவடை மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை!

"எல்லாரும் கேட்டுக்கோங்க! அன்னிக்கி தப்பு என்மேலதான்! இவங்க இல்லன்னா எங்க அம்மா இல்ல! மலர்க்கொடி, மன்னிச்சிடுங்க! அப்புறம்... உங்களைக் கட்டிக்கணும்னு ஆசையா கீது!"

கடைசி வரி எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரங்களின் ஓசை நின்றது. மார்த்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கர்த்தரே! இப்பதான் என் நெஞ்சு தேறிச்சி, இவன் வேற..."

மலர்க்கொடி வேகமாக அவன் எதிரில் வந்து நின்றாள். காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் அப்பா, வேறு சாமி கும்பிடும் வீடு என்றால் எகிறிக் குதிப்பார். ஆனாலும்... தப்பை இப்படி நெஞ்சை நிமிர்த்தி ஒத்துக்கொண்ட ஆம்பளை யார் இருக்கிறார்கள் அவள் தெருவில்?

"எங்க அப்பா லேசுல ஒத்துக்க மாட்டாரு..."

"தெனம் வந்து நிக்கறேன்."

"நீங்க வாசல்ல நில்லுங்க. உள்ள போய் நான் பேசறேன்." கண்கள் தாழ்ந்தன. பிறகு, வார்டு முழுக்கக் கேட்கும்படியே சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் புடிச்சிகீது!"